போற பைப்பு, வர்ற பைப்பு

வாங்க தம்பி, உள்ள வாங்க. அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, அதுக்கு ஒரு காலு ஆடும். இந்த டயரு மேல உக்காருங்க. பேன்ட்ல கரி ஒட்டுனா ஒட்டிட்டுப் போகுது, சைலன்சர் கடைக்கு வெள்ளைப் பேன்ட் போட்டுட்டு வந்தது உங்க தப்பு. கலா! ஏம்புள்ள, கலா! தம்பிக்கு ஒரு டீ கொண்டா.

பதில் வராதுங்க. ஆனா டீ வந்துரும். அவளுக்குத் தொண்டை செரியில்ல.

வெளிய நிக்கறது உங்க வண்டிங்களா? நல்லாத்தான் வெச்சிருக்கறீங்க. என்ன பண்ணோணும், சைலன்சர் மாத்தோணுமா? என்னது? பின்னாடி டர்போ வெக்கோணுமா?

ஆரு அனுப்பிச்சா உங்கள? இருங்க, சொல்ல வேண்டாம். இந்தத் தகரத் தடுப்புக்கு அக்கட்டால இருக்கறவன்தான? அவன் என்ன சொன்னான், வார்த்தை மாறாமச் சொல்லுங்க. "பின்னாடி வேலைன்னா சென்னியப்பங்கிட்டக் கேளுங்க"ன்னானா? பேரச் சொன்னானா? நல்லா ஞாபகம் வெச்சுச் சொல்லுங்க தம்பி, சென்னியப்பன்னு பேரு சொன்னானா, இல்ல கொழாய்க்காரன்னானா?

செரி, பேருதான் சொன்னான். பரவால்ல.

அவன் என்ற மச்சானுங்க. ஈஸ்வரமூர்த்தி. கலாவுக்குக் கூடப்பொறந்த அண்ணன். நானும் அவனும் ஐடிஐல ஒரே பெஞ்சு. அவன் தங்கச்சியத்தான் நான் கட்டுனன். அவனுக்கு இன்னும் கல்யாணமாகல, நம்ம பக்கம் இப்பப் பொண்ணு கெடைக்கறது குதிரைக் கொம்பா இருக்குது, அதனால சோறு நம்மூட்ல இருந்துதான் போகும். மச்சான் தயவிருந்தா மலையேறிப் பொழைக்கலாம்பாங்க. எனக்கு வாய்ச்ச மச்சான் ஏணிய எடுத்துட்டுப் போயிட்டான்.

இந்தப் பட்டறை செட்டு மொதல்ல ஒண்ணாத்தான் இருந்துச்சு. எஞ்சின் வேலை அவன், சைலன்சர் வேலை நான். ஒரே போர்டு, ஒரே கேட்டு. ஒரு நாளு ஒரு கஸ்டமரு அவங்கிட்டக் கேக்கறாரு, "அக்கட்டால வெல்டு வெச்சிட்டிருக்கறது ஆருங்க?" இவன் சொல்றான், "அது நம்ம கொழாய்க்காரன்." எனக்குக் காதுல வுழுகுது. கொழாய்க்காரன்! எஞ்சின் வுடற மூச்சு பூராம் என்ற பைப்புலதான தம்பி வெளிய போகுது? அத அடைச்சு வெச்சா அவன் எஞ்சினு ஓடுமா? அன்னிக்குச் சோத்துத் தட்டத் தள்ளி வெச்சவந்தான். மறுநாளு இந்தத் தகரத்த நானே அளவெடுத்து நானே வெல்டு வெச்சன். அன்னியிலிருந்து பேச்சு வார்த்தை கெடையாது.

நான் ஒண்ணும் பிடிவாதக்காரன் இல்லீங்க. அவன் வந்து ஒரு வார்த்தை "மாப்ள, தெரியாமச் சொல்லிப்போட்டன்"னா அப்பவே இந்தத் தகரத்த அறுத்துப் போட்டிருப்பன். அவன் வரல. நான் எதுக்குப் போகோணும்? சொன்னவந்தான வரோணும்?

கலாவுக்கு மனசு கேக்கல. ரெண்டு பக்கமும் அழுது பாத்தா, திட்டிப் பாத்தா, ஒரு நாளு ரெண்டு பேருக்கும் சோறு ஆக்காம இருந்து பாத்தா. நான் பரோட்டா தின்னன், அவனும் அதே கடைல வேற மூலைல உக்காந்து தின்னான். அப்பறந்தான் அவளுக்கு இந்த ரோசனை வந்திருக்கோணும். அவனுக்கு ஒரு பழைய வெள்ளை செடான் இருந்துச்சுங்க, உசுரா வெச்சிருந்தான். ரேஸ் ட்ராக்ல நம்ம வண்டிய நாமளே கொண்டு போய் ஓட்டிப் பாக்கற நாளு வெப்பாங்கல்ல, அதுக்கு டர்போ போட்டுட்டுப் போகோணும்னு அவனுக்கு ஆசை. முன்னாடி எஞ்சின் ரூம்ல எடமில்ல, ஏசியக் கழட்டோணும். கோயமுத்தூரு வெயிலுல ஏசியக் கழட்டறவன் ஆரு? கலா என்கிட்ட வந்து மொள்ளச் சொல்றா, "ஏனுங்க, பின்னாடி வெக்கலாமாமுல்ல? பின்னாடின்னா உங்க வேலை தானுங்க?"

பாருங்க தம்பி, அதுல எனக்கு ஒரு சொகம். சைலன்சர் இருக்கற எடத்துல டர்போ. எஞ்சின் வுடற பொகை முழு வண்டிக்கும் அடியில ஓடிப் பின்னாடி வந்து என்ற எடத்துல டர்போவச் சுத்தோணும். அது காத்த அமுக்கி, நான் வளச்ச பைப்பு வழியா முன்னாடி அனுப்பி வுடோணும். அப்பறந்தான் அவன் எஞ்சினுக்கே பலம். கொழாய்க்காரன் அனுப்பற காத்துல அவன் வண்டி பறக்கோணும்! செரீன்னு சொல்லிப்போட்டன்.

அவன் என்ன சொன்னான் தெரியுங்களா? "தும்பை வுட்டுப்போட்டு வாலப் புடிக்கிற வேலை"ன்னானாம். கலா அத என்கிட்டச் சொல்லல, தகரத்துக்கு மேலாக்க எனக்கே கேட்டுச்சு. ஆனா செரீன்னுதான் அவனும் சொன்னான்.

ஒரே வண்டிக்கு அடியில ரெண்டு பேரும் படுத்து வேலை பாத்தா எத்தன நாளைக்குப் பேசாம இருப்பாங்கன்னு அவ கணக்குப் போட்டிருக்கறா, பாவம்.

நாங்க பேசலீங்க. முன் சக்கரத்துலருந்து கியர் கம்பி வரைக்கும் அவனுது, அதுக்குப் பின்னால என்னுது. அவன் தலைமாட்டுல, நான் கால்மாட்டுல. நடுவுல கலா. "உங்கண்ணங்கிட்டச் சொல்லு, பைப்பு வண்டி அடித்தகட்டுல தட்டுது." அவ குனிஞ்சு முன்னாடி போய்ச் சொல்லுவா. அவன் என்னமோ சொல்லுவான். அவ பின்னாடி வந்து, "ரப்பர் வெச்சுத் தூக்கச் சொல்றாங்க"ம்பா. நாலடி தள்ளித்தான் அவன் படுத்திருக்கறான், அவன் மூச்சு வுடறது எனக்குக் கேக்குது. இருந்தாலும் மொறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா?

இப்ப ஆயில் பைப்பு சமாச்சாரம் சொல்றன், நல்லாக் கேட்டுக்கங்க, உங்களுக்கும் வேணும். டர்போவுக்குள்ளாற ஒரு தண்டு சுத்துது, நெருப்பாச் சுத்தும். அதுக்கு ஆயில் வேணும். எஞ்சின்ல இருந்து ஆயில் அழுத்தமாக் கெளம்பிப் பின்னாடி டர்போவுக்கு வரோணும், வேலை முடிஞ்சு மறுபடி எஞ்சினுக்கே போயிரோணும். முன்னாடி டர்போ வெச்சா தானா எஞ்சினுக்குள்ள வடிஞ்சுரும். பின்னாடின்னா டர்போ கீழ தொங்குது, தானா ஏறாது. அதுக்கு ஒரு சின்னப் பம்பு, அது ஆயில உறிஞ்சி முன்னாடி தள்ளும். ஆக ரெண்டு ஓசு, ரப்பர் பைப்பு. ரெண்டும் ஒரே ரோல்ல வெட்டுனது, ஒரே கருப்பு, ஒரே தடிமன். வண்டிக்கு அடியில ஒட்டி ஒட்டி ஓடுது, ரெட்டைப் புள்ளைங்களாட்ட. எது எதுன்னு தெரியோணுமில்ல? நாந்தான் அறிவா ஒண்ணுல ரெண்டு முனைக்கும் செகப்பு டேப்பு சுத்துனன்.

சுத்திப்போட்டு கலாகிட்டச் சொன்னன், "போய்ச் சொல்லு. செகப்பு போற பைப்பு, கருப்பு வர்ற பைப்பு."

அவ போகாம நின்னா. "ஏனுங்க, போறதுன்னா எங்கிருந்துங்க போறது?"

எனக்குக் கோவம் வந்துருச்சு. பின்ன என்னங்க? இடுப்பு ஒடிய மல்லாக்கப் படுத்திருக்கறன், கண்ணுல துரு வுழுகுது, இவ கேள்வி கேக்கறா. "சொன்னதச் சொல்லு, நீயா ஒண்ணும் சேக்காத"ன்னன். பொம்பளைங்களுக்கு எதையும் கேட்டபடி கொண்டு போகத் தெரியாது தம்பி, நடுவுல ஒரு கேள்வி வெச்சிருவாங்க. முன்னாடி போயி அவங்கிட்டயும் அதே கேள்வியக் கேட்டிருக்கறா. அவனும், "அவன் சொன்னத மட்டும் சொல்லு"ன்னிருக்கறான். அந்த ஒரு விசயத்துல அவனும் நானும் ஒண்ணு.

வண்டிய ஸ்டார்ட் பண்ணுனான். எஞ்சின் ஜம்முனு ஓடுது. ஆனா பின்னாடி பம்பு முக்குது. என்னமோ கெணத்துல கல்லு கட்டித் தூக்கறாப்பல ஒரு முக்கல். நான் சொன்னன், "கலா, பம்பு முக்குதுன்னு சொல்லு." அவ போயிட்டு வந்து தரையப் பாத்துக்கிட்டே நிக்கறா. "சொல்லு"ன்னன். "ஓசு எங்கயாச்சும் மடிஞ்சிருக்கும், பாக்கச் சொல்றாங்க"ங்கறா.

என்ற ஓசு மடிஞ்சிருக்குதாம்! பைப்பு வளைக்கற தொழிலுல மடிப்பு வுட்டான்னா அவன் தூக்கு மாட்டிக்கிலாம். என்னைய அப்படிக் கேக்கறான். நான் எந்திரிச்சுக் கையத் தொடச்சுப்போட்டு, "என்ற பைப்புல மடிப்பில்லன்னு சொல்லு. சந்தேகமிருந்தா அவனே வந்து படுத்துப் பாக்கட்டும்"னன். அவன் வரல. நானும் பாக்கல. எதுக்குப் பாக்கோணும், மடிப்பில்லன்னு எனக்கே தெரியுமே?

மடிப்பில்லதான் தம்பி. கடைசி வரைக்கும் அதுல மடிப்பே இல்ல.

ஞாயித்துக்கெழமை காலைல பைபாஸ் ரோட்டுக்குக் கொண்டு போனம். ட்ராக்குக்குப் போறதுக்கு முன்னால ஒரு சோதனை ஓட்டம். அவன் ஓட்டறான். நான் பின்னால பைக்குல. பக்கத்து சீட்டுல கலா. அவ எதுக்குன்னு கேக்கறீங்களா? பின்ன, மீட்டரப் பாத்து எனக்கு ஆரு சொல்றது? அவன் சொல்லுவானா? கலா ஃபோனு ஸ்பீக்கருல, என்ற ஃபோனு ஹெல்மட்டுக்குள்ளாற காதோட சொருகி வெச்சிருக்கறன். அவ ஊட்ல பொங்கல் ஆக்கித் தூக்குப்போசில எடுத்துட்டு வந்திருந்தா. ஓட்டம் முடிஞ்சதும் மூணு பேரும் மரத்தடில உக்காந்து திங்கலாமுன்னு. பச்சைச் சேலை கட்டி, தலைக்குப் பூ வெச்சு வந்தாளுங்க. எங்களுக்கு நிச்சயம் ஆன அன்னிக்கு அப்படி இருந்தா.

மொதல்ல மெதுவாப் போனான். அப்பறம் ஒரு அழுத்து. தம்பி, ஒரு விசிலு கெளம்புச்சு பாருங்க! பின்னாடி வர்ற எனக்கு ஹெல்மட்டையும் தாண்டி மயிர்க்கூச்செறியுது. அந்தச் சத்தம் என்ற எடத்துலருந்து வருது, நான் வெச்ச எடத்துலருந்து! "கலா, கேக்குதா? கேக்குதா?"ன்னு கத்தறன். ஃபோனுல அவளும் சிரிக்கறா. அவன் பேசறதும் கேக்குது, "ஆயில் பிரஷர் ஃபுல்லா இருக்குதுன்னு சொல்லு." அவ சொல்றா, "ஆயில் பிரஷர் ஃபுல்லா இருக்குதாமுங்க." எனக்குத்தான் கேட்டுருச்சே. இருந்தாலும் அவ சொன்னப்பறந்தான் நான் "செரி"ன்னன்.

அப்பறந்தான் தெரிஞ்சுது, அது விசிலில்ல. ஆயில் இல்லாம தண்டு காஞ்சு போயிக் கத்துன கத்தலு.

எப்படீங்கறீங்களா? நான் எங்க படுத்திருந்தன்? பின்னாடி. எனக்குப் போற பைப்புன்னா டர்போல இருந்து முன்னாடி போறது. அவன் எங்க படுத்திருந்தான்? முன்னாடி. அவனுக்குப் போற பைப்புன்னா எஞ்சின்ல இருந்து பின்னாடி போறது. செகப்ப நான் பம்பு தள்ளற வாயில மாட்டி வெச்சிருக்கறன், அதே செகப்பக் கொண்டு போய் அவன் எஞ்சின் ஆயிலத் தள்ளற வாயில மாட்டிட்டான். அக்கட்டால இருந்து எஞ்சின் தள்ளுது, இக்கட்டால இருந்து பம்பு தள்ளுது. ரெண்டும் மோதி நடுவுல நிக்குது. மீட்டருல பாத்தா அழுத்தம் ஃபுல்லு. டர்போவுக்கு மட்டும் ஒரு சொட்டு இல்ல.

பம்பு எத்தன நேரந்தான் தாங்கும்? படார்னு உள்ள ஒடஞ்சிருக்கோணும். ஆயில் பூராம் பின்பக்கமாப் பாஞ்சு, கொதிச்சுக் கெடக்கற டர்போ மேல கொட்டுது. மொதல்ல நீலமா ஒரு பொகை. நான் சொன்னன், "கலா, பொகை வருது. வண்டிய நிறுத்தச் சொல்லு."

ஸ்பீக்கருல அவனுக்கும் கேக்குது தம்பி. என்ற கொரலு அவன் காதுல வுழுகுது. அவன் சொல்றான், "புது சைலன்சருல கிரீசு எரியும், அந்தப் பொகைன்னு சொல்லு."

அவ சொல்றா, "கிரீசு பொகையாமுங்க."

"கிரீசு இல்லன்னு சொல்லு. ஆயில் பொகை. நீலமா வருதுன்னு சொல்லு."

"ஆயில் பொகையாமா, அண்ணா. நீலமா வருதாமா."

"ஆயில் பிரஷர் ஃபுல்லா இருக்குதுன்னு சொல்லு. ஆயில் போனா மீட்டரு சும்மா இருக்குமான்னு கேளு."

பம்பருக்கு அடியில செகப்பாத் தெரியுதுங்க. நெருப்பு. ஆயிலு டயருல வழிஞ்சு வண்டியோட பின்பக்கம் அப்படி ஒரு ஆட்டு, இப்படி ஒரு ஆட்டு. உள்ள என்ற பொண்டாட்டி இருக்கறா. நான் கத்தறன், "கலா, தீப்புடிச்சுருச்சுன்னு சொல்லு! உங்கண்ணங்கிட்டச் சொல்லு! நிறுத்தச் சொல்லு, கலா!"

அவ சொல்லல.

அவ இருமறது மட்டும் கேட்டுச்சு. அப்பறம் நிதானமாச் சொன்னா, எனக்கா அவனுக்கா தெரியல, "நீங்களே பேசிக்கங்க." ஃபோன வெச்சுப்போட்டா.

வெச்சுட்டாளுங்க! தீப்புடிச்ச வண்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு ஃபோன வெக்கிறா!

ஆக்சிலேட்டரு முறிஞ்சு போற மாதிரி முறுக்குனன். வண்டிக்கு ஒட்டிப் போயிட்டன், அவன் பக்கம். கண்ணாடி எறங்கி இருக்குது, பொகை குபுகுபுன்னு வெளிய வருது. அவன் திரும்பி என்னையப் பாத்தான். மூஞ்சிக்கு மூஞ்சி. கையெட்டுனா அவன் காதத் திருகலாம், அத்தன கிட்ட. நான் வாயத் தொறந்தன். தம்பி, சத்தியமாச் சொல்றன், வாயத் தொறந்தன். வார்த்தை வரல. காத்துதான் உள்ள போச்சு. அவனும் என்னமோ சொல்ல வாயத் தொறந்தான், அவனுக்கும் வரல. கையக் காட்டுனன், கீழ, கீழன்னு. அவன் எதக் கண்டானோ, இன்னும் அழுத்துனான்.

கலாதான் கை பிரேக்க இழுத்துட்டா. ஒரே இழுப்பு. ஆயிலுல நனைஞ்ச டயரு, பிரேக்கு புடிச்சா என்ன ஆகும்? வண்டி ஒரு சுத்துச் சுத்தி, வந்த பக்கமே மூஞ்சியத் திருப்பிட்டு மண்ணு மேட்டுல போய் மோதி நின்னுச்சு. பைக்க எங்க போட்டன்னு எனக்குத் தெரியாது. ஓடறன். "கலா, கலா"ன்னு கத்தறன், என்ற சத்தம் எனக்கே கேக்கல.

அவ பக்கத்துக் கதவத் தொறந்து அவ கையப் புடிச்சு இழுக்கறன். வர மாட்டேங்கறா. எங்கயோ மாட்டிக்கிச்சுன்னு பயந்துட்டன். இன்னும் பலமா இழுக்கறன். பொகைல ஒண்ணும் தெரியல. அப்பறம் பாத்தா, அந்தக் கதவு வழியா அவன் அவளோட இன்னொரு கையப் புடிச்சு இழுத்துட்டிருக்கறான்! அவன் அக்கட்டால இழுக்கறான், நான் இக்கட்டால இழுக்கறன். நடுவுல பொகைக்குள்ள அவ. "வுடுறா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. நான் சொல்லல, அவனும் சொல்லல. இழுக்கறம்.

கடைசில அவன் வுட்டான். அவந்தான் வுட்டான் தம்பி, நான் வுடல. அத நீங்க குறிச்சுக்கங்க. அவ என்ற மேல வந்து வுழுந்தா. மல்லாக்க மண்ணுல கெடந்தம். பூவெல்லாம் கரிஞ்ச வாசம். ரெண்டு தோளும் வீங்கிப் போச்சு அவளுக்கு. நான் அழுதுட்டனுங்க, வெக்கத்த வுட்டுச் சொல்றன், ரோட்டுல உக்காந்து ஏங்கி ஏங்கி அழுதன். அவன் அக்கட்டால நின்னு மண்ண வாரி வண்டி மேல எறிஞ்சிட்டிருந்தான், அவன் மூஞ்சியும் நனஞ்சுதான் இருந்துச்சு. அப்பறம் நானும் எந்திரிச்சுப் போயி மண்ணு வாரிப் போட்டன். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு போட்டம். பேசல. கலா மரத்தடில உக்காந்து எங்களையே பாத்துட்டிருந்தா. தூக்குப்போசி வண்டிக்குள்ளயே எரிஞ்சு போச்சு.

அன்னிக்குப் போனதுங்க அவ கொரலு. பொகை தொண்டைக்குள்ள பூந்துருச்சு. ஆஸ்பத்திரில டாக்டரு லைட்டு அடிச்சுப் பாத்துப்போட்டு, "தொண்டைல ஒண்ணுமே இல்ல, நல்லாப் பேசலாம்"ங்கறாரு. பேச்சு வந்தாத்தான பேசறதுக்கு? ஆடாதொடை வாங்கிக் குடுத்தன், பனங்கல்கண்டு குடுத்தன், மலைத்தேனு குடுத்தன். வாங்கிக் குடிச்சுக்குவா. பேச்சு மட்டும் வராது. அவனுக்கும் சோறு போகுது, அவங்கிட்டயும் பேசறதில்ல. அந்தக் கணக்குல நான் ஒண்ணும் கொறஞ்சு போயிடல.

ஒரு விசித்திரம் பாருங்க. பால்காரங்கிட்ட ரெண்டு வார்த்தை வருது. நேத்து அவ சித்தி ஃபோன் பண்ணுச்சு, உள்ளாற சிரிச்சுப் பேசற சத்தம் கேக்குது. நான் ஓடுனன். நான் வாசல்ல காலு வெச்சதும் தொண்டை அடச்சுக்கிச்சு. பொகை அப்படித்தான் தம்பி, வரும், போகும். ஆம்பளைச் சத்தம் கேட்டா அந்த நரம்பு இழுத்துக்குதோ என்னமோ.

ராத்திரி சாப்புட உக்காந்தா ஊடு அப்படியே கம்முனு கெடக்குதுங்க. முன்னால அவ வாயோயாமப் பேசுவா, நான் "கொஞ்சம் வாய மூடு"ம்பன். இப்பத் தட்டுல கரண்டி படற சத்தம் மட்டுந்தான். ஒரு நாளு நானே கெஞ்சிக் கேட்டன், "திட்டவாச்சும் திட்டு, புள்ள." என்னையப் பாத்துட்டு மோரு ஊத்துனா.

அவனுக்கும் அப்படித்தான் இருக்கும். வண்டி எரிஞ்சத வுடத் தங்கச்சி பேசாததுதான் அவனுக்கு அடி. ஆனா வாயக் குறைக்கறானா? வண்டியக் கொண்டு வந்து எறக்குன அன்னிக்குத் தகரத்துக்கு அக்கட்டால நின்னுட்டு, சுவத்துக்குச் சொல்றாப்பல சொல்றான், "செகப்பு போற பைப்புன்னு சொன்னது ஆரு?" நான் சும்மா இருப்பனா? இரும்பக் கவ்விப் புடிக்கற இந்த வைசு இருக்குது பாருங்க, இதுகிட்டச் சொன்னன், "எங்கிருந்து போறதுன்னு கேக்காதது ஆரு?" கலா கேட்டாளேங்கறீங்களா? அது வேற தம்பி. அவ கேட்டது வேற.

செரி, உங்க வேலைக்கு வருவம். இதெல்லாம் கேட்டுட்டு நீங்க பயப்படாதீங்க. தப்பு எங்கன்னு கண்டுபுடிச்சாச்சு. இந்தத் தடவ டேப்பு வேண்டாம், ரெண்டு கலர்ல ஓசு வாங்கிக்கலாம். என்ற பக்கம் ஒரு கொறையும் இருக்காது. முன்பக்கம் எஞ்சின் வேலைய அவன் பாக்கட்டும், அதுல அவன் கெட்டிக்காரன், நான் இல்லன்னு சொல்ல மாட்டன். சங்கதி என்னன்னா, நடுவுல போக வர ஒரு ஆளு வேணும். நீங்கதான் வண்டி ஓனரு, கூடவே இருக்கப் போறீங்க. படிச்ச புள்ள, சொன்னத வார்த்தை மாறாமச் சொல்லுவீங்க. நீங்க வந்து உக்காந்ததும் எனக்கு அதுதான் தோணுச்சு. இப்பவே ஒண்ணு போய்ச் சொல்லிட்டு வந்துருங்க, செவ்வாக்கெழமை வண்டிய வுடலாமான்னு கேளுங்க. நான் கேட்டன்னு சொல்லாதீங்க.

இந்தா, டீ வந்துருச்சு. வாங்கிக்கங்க. கலா, இந்தத் தம்பி வண்டிக்கும் பின்னாடி டர்போ வெக்கப் போறம். உங்கண்ணந்தான் அனுப்பிச்சிருக்கறான், என்ற பேரச் சொல்லி.

என்ன புள்ள, எதுக்கு அப்படிப் பாக்கற? வாயி அசையுது. கலா?

"டீயக் குடிச்சுப்போட்டு வண்டிய எடுத்துட்டு ஊட்டுக்குப் போங்க, தம்பி. இவங்க ரெண்டு பேரும் இன்னும் பேசிக்கல."

கேட்டீங்களா? தம்பி, கேட்டீங்களா! பேசிட்டா! என்ற முன்னாடியே பேசிட்டா! நாந்தான் சொன்னனே, மலைத்தேனு வேலை செய்யும்னு. கலா, இன்னொரு வார்த்தை சொல்லு சாமி. எங்க போற, நில்லு. கலா!

எந்திரிச்சுட்டீங்களா தம்பி? செரி, போறதுன்னாப் போங்க, அத அப்பறம் பேசிக்கலாம். போறப்ப ஒரே ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணிப்போடுங்க. அப்படியே தகரத்துக்கு அக்கட்டால ஒரு எட்டு வெச்சு, அவங்கிட்டச் சொல்லிருங்க, தங்கச்சிக்குத் தொண்டை தொறந்துருச்சுன்னு. அவனும் பாவம், காத்துக் கெடக்கறான். நான் சொன்னன்னு சொல்ல வேண்டாம்.